ஏழு வருஷக் கணக்கு

கெடியாரம் பதினொன்று அடித்த வெயிலில்
குடையும் குழந்தையுமாய் முகப்பில் வந்து நின்றாள்
மிஷன் பங்களாத் துரைசாணி.
கையில் வேதத் தாள்கள்.
கொடுக்கத்தான் வந்தாள்;
குழந்தை கொடுக்க விடவில்லை.
முதுகை வில்லாய் வளைத்து அது அழுத அழுகையில்
இரண்டாங்கட்டுப் புறாக்கள் எழும்பிப் போயின.

எத்தனை நாள் என்றேன்.
நாற்பத்திரண்டு என்றாள்.
"பாலகி இராமுழுதும் உறங்குகிறதில்லை, ஆச்சி."
பாலகி!
சிரித்துவிட்டேன்.
அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.
அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பேர் சிகப்பி, அவள் பேர் சீக்ரித்.
பேர்தான் எனக்குச் சிகப்பு;
பள்ளத்தூர் வெயிலில் நிஜமாகச் சிவந்திருந்தது அவள்,
காது, கழுத்து, குழந்தையின் உச்சந்தலை வரை.

சுட்டுக் கரியாக்கி, கல்லில் உரைத்து,
தொப்புளைச் சுற்றித் தடவினேன்.
"இதன் நாமம் என்ன?" பென்சிலை எடுத்தாள்.
பேர் சொல்லக் கூடாது,
பேர்சொல்லாதது என்றுதான் கடையில் கேட்க வேண்டும் என்றேன்.
எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள்.
"எங்கள் கர்த்தர் பேரையும் வீணாய்ச் சொல்லலாகாது."
எங்கள் வீட்டு 'அவர்' பேரையும்தான் என்றேன்.

அவர் மோல்மேனில்.
கொண்டுவிக்கப் போனவர்.
மூன்று வருஷக் கணக்கு,
முடித்துக் கொடுத்தால்தான் கப்பல்.
இந்தத் தூணெல்லாம் அந்தச் சீமைத் தேக்கு.
தூண் வந்துவிட்டது.

அடைக்கப்பன் பிறந்தது அவர் போன பிறகு.
சுவரில் மாட்டிய போட்டோவை அப்பச்சி என்பான்.
பக்கத்தில் தொங்கும் கெடியாரத்தையும்
அப்பச்சி என்பான்.
அது அடித்தால் கை தட்டுவான்.

உங்களுக்கு எத்தனை வருஷம் என்றேன்.
"ஏழு. ஏழு முடிந்தால் ஊர் போகலாம்."
எத்தனை முடிந்தது?
இரண்டு விரல் காட்டினாள்.
அடியம்மா,
உன் சாமி எங்கள் முதலாளியைவிடக் கண்டிப்பு!
அப்போதுதான் அவள் சிரித்தாள்,
குழந்தை திடுக்கிட்டு விழிக்கும் அளவுக்கு.

பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள்:
அவள் ஆத்தாள் பின்னிய கம்பளிக் காலுறை.
குளிர்காலத்தில் புறப்பட்டு
மூன்று துறைமுகம் மாறி
சித்திரையில் வந்து சேர்ந்திருக்கிறது.
'பிள்ளைக்குப் பாதம் சில்லிடாமல் பார்த்துக்கொள்'
என்று ஒரு கடுதாசி.
நான் விசிறியை வேகமாய் வீசினேன்.

மூத்தவன் ஒருத்தன் இருக்கிறானாம்.
ஏழு வயசு. கொடைக்கானல் மலைப் பள்ளிக்கூடம்.
வருஷத்தில் மூன்று மாசம்தான் அம்மாவிடம்.
முதல் நாள் வந்தால்
"ஸ்தோத்திரம், அம்மா" என்று கை கொடுப்பானாம்,
விருந்தாளி மாதிரி.
"இவளும் போவாள்" என்றாள்
அந்த உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு.

நான் அடைக்கப்பனைப் பார்த்தேன்.
தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.
பன்னிரண்டு வயசில் பெட்டியடிப் பையனாய்
இவனையும் கப்பல் ஏற்றுவார்கள்.
ஊறுகாய்ச் சாடிக்குத் துணி கட்டிக் கொடுக்க வேண்டும்.
அழக் கூடாது. சகுனம்.

குழந்தை தூங்கிப்போயிற்று,
பட்டாலையின் குளிர்ந்த கல்மேல் விரித்த
என் கண்டாங்கியில்.
இரண்டு பேரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.
சாமியைப் பற்றி அவள் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.

போன பிறகு பார்த்தால்
தாள்கள் கிடந்தன.
மறந்தாளோ, வைத்துவிட்டுப் போனாளோ.
அதன்மேல் ஒற்றைக் காலுறை,
என் கட்டைவிரல் நீளம்.

மறுநாள் ஆள்விட்டுக் கொடுத்தனுப்பினேன்.
திரும்பி வந்தது, ஒரு சீட்டோடு:
'இருக்கட்டும், ஆச்சி.
மோல்மேனில் குளிருமோ?'

குளிராது.
சொல்லி அனுப்பவில்லை.